முழுப்பேர், அரைப்பேர்: ஒரு கூடைப்பந்து விளையாட்டுக்காகக் காத்திருத்தல்

அக்கரப்பத்தனை கடைவீதியில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றின் பின்புறத்தில், பலகைத் தடுப்புக்கு அப்பால், மூன்று கணினிகள் இருக்கின்றன. பாடசாலை விட்டதும் பையன்கள் அங்கே கூடிவிடுவார்கள். மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விளையாடுவார்கள். கடந்த முறை ஊருக்குப் போயிருந்தபோது, பொழுதுபட்டும் வீடு திரும்பாத என் தங்கையின் மகனைத் தேடிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். வெளியே பனிமூட்டம் வீதியை மறைத்திருந்தது. உள்ளே, ஒரு கணினித் திரையில், அமெரிக்க நகரமொன்றின் கூடைப்பந்து அரங்கில் இருபதாயிரம் பேர் ஆரவாரம் செய்துகொண்டிருந்தார்கள்.

மருமகனுக்குப் பதினாறு வயது. அவனும் அவனது கூட்டாளிகள் நால்வரும் செப்டெம்பர் மாதத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அம்மாதத்தில்தான் அந்த விளையாட்டின் புதிய பதிப்பு வெளிவருமாம். எவருக்கு எத்தனை புள்ளி கிடைக்கும், அட்டைப்படத்தில் யார் வருவார், பந்தைத் தட்டிச் செல்லும் அசைவு திருந்தியிருக்குமா என்றெல்லாம் அவர்கள் நடத்திய விவாதம், அந்நாளில் எம்.ஜி.ஆர். படப்பெட்டி வரும்வரை எங்கள் அண்ணன்மார் நடத்திய விவாதத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல.

"நீ என்னத்தடா எதிர்பாக்குற?" என்று கேட்டேன்.

"இந்தத் தடவையாவது நம்ம பேரச் சொல்லுவானான்னு பாப்பம் மாமா" என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவனே காட்டினான். இவ்வகை விளையாட்டுகளில் நாமே ஒரு வீரனை உருவாக்கலாம். உயரம், நிறம், தலைமயிர், சட்டை இலக்கம் எல்லாவற்றையும் நாமே தீர்மானிக்கலாம். எந்தப் பேரையும் எழுதிக்கொள்ளலாம். முதுகில் அந்தப் பேர் பதிந்துவிடும். ஆனால் நேர்முக வர்ணனை செய்யும் குரல் எல்லாப் பேர்களையும் சொல்வதில்லை. முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து வைத்த குடும்பப் பேர்களின் பட்டியல் ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் உள்ள பேரைத்தான் அந்தக் குரல் உச்சரிக்கும். மற்றவர்கள் எத்தனை கூடை போட்டாலும் சட்டை இலக்கத்தாலோ, ஆடும் இடத்தாலோ, ஏதோவொரு பொதுச் சொல்லாலோதான் குறிக்கப்படுவார்கள். என் மருமகன் முப்பது புள்ளி எடுத்திருக்கிறான். அவன் பேர் ஒருமுறையேனும் சொல்லப்படவில்லை.

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளாகக் காலந்தள்ளிய எனக்குக் கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் பேர் என்ற சொல்லைப் பற்றி எனக்குத் தெரியும். தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். அன்று இரவு தொடங்கிய யோசனைதான் இந்தக் கட்டுரை.

பேர் என்றால் கூலி

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, நாகசேனை வழியாக மேலேறும் வீதியில் இருக்கிறது எங்கள் ஊர். அதற்கும் மேலே போனால் டயகம, அதற்கப்பால் ஹோட்டன் சமவெளியின் காடு. பத்தனை என்பது மலைச்சரிவுப் புல்வெளியைக் குறிக்கும் சொல். அந்தப் புல்வெளியையும் காட்டையும் அழித்துத் தேயிலை நட்ட வெள்ளைக்காரர்கள் தங்கள் தேசத்துப் பேர்களை இங்கே கொண்டுவந்து ஊன்றினார்கள். கிளாஸ்கோ, பெல்மோரல், டொரிங்டன், வேவர்லி என்று இன்றைக்கும் இங்கே தோட்டங்கள் இருக்கின்றன. மண்ணுக்கு இப்படிப் பேர் வைத்தவர்கள், அந்த மண்ணை வெட்டியவர்களுக்கு இலக்கம் வைத்தார்கள்.

தோட்டத்தில் பேர் என்றால் நாட்கூலி. காலையில் பிரட்டுக்களத்தில் வேலை பிரிப்பார்கள். மாலையில் கொழுந்து நிறுத்து, அன்றைய வேலையைச் செக்ரோலில் பதிவார்கள். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?", "அரைப்பேரு போட்டுட்டாங்க" என்பவை நான் சிறுவயதில் நாள்தோறும் லயத்து வாசலில் கேட்ட வாக்கியங்கள். மழைக்காலத்தில், அட்டைக்கடியோடு, நனைந்த கூடையை இறக்கிவைத்த கையோடு அம்மா முதலில் சொல்வது அதைத்தான். ஒரு மனிதப் பிறவியின் முழுநாள் உழைப்பைப் பேர் என்றும், பாதி மறுக்கப்பட்ட உழைப்பை அரைப்பேர் என்றும் சொல்லும் வழக்கு வேறெந்த மொழியில் இருக்கிறதோ தெரியாது. எங்கள் மொழியில் இருக்கிறது.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், கூடைப்பந்துக் கணினி விளையாட்டுகளின் வரலாறும் பேர்களின் வரலாறுதான் என்பது தெரியவரும்.

கூடையின் கதை

முதலில் கூடையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1891ஆம் ஆண்டு டிசெம்பரில், அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிறிங்ஃபீல்ட் நகரில், வை.எம்.சி.ஏ. பயிற்சிப் பாடசாலையில் கற்பித்துக்கொண்டிருந்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கனடாவில் பிறந்தவர். குளிர்காலத்தில் கட்டடத்துக்குள்ளேயே விளையாடத்தக்க ஒரு விளையாட்டைக் கண்டுபிடிக்கும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. கட்டடக் காவலரிடம் இரண்டு பெட்டிகள் கேட்டார். அவரிடம் பெட்டிகள் இருக்கவில்லை, பீச் பழக் கூடைகள்தான் இருந்தன. அவற்றைப் பத்தடி உயரத்தில் மேல்மாடக் கம்பியில் அறைந்து, பதின்மூன்று விதிகளை எழுதி, பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆடவிட்டார். கூடைக்கு அடிப்பாகம் இருந்தபடியால் பந்து விழுந்தால் ஏறித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பெட்டி கிடைத்திருந்தால் இன்றைக்கு இதன் பேரே வேறாக இருந்திருக்கும். கூடை என்றாலே முதுகில் தொங்கும் கொழுந்துக் கூடையை நினைக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு, கூடைப்பந்து என்ற சொல்லில் அந்நியம் எதுவும் இல்லை.

அந்த ஸ்பிறிங்ஃபீல்டில் பயின்ற ஹரி குறோ பக் என்ற அமெரிக்கரே 1920இல் சென்னையில் வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். தென்னிந்தியப் பாடசாலைகளில் கூடைப்பந்து பரவியதில் அங்கே பயின்று வெளியேறிய உடற்பயிற்சி ஆசிரியர்களுக்குப் பெரும் பங்குண்டு. பின்னாளில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அனிதா பால்துரை சென்னையைச் சேர்ந்தவர். இலங்கையில் கூடைப்பந்தைவிட அதன் தங்கையான வலைப்பந்தே பாடசாலைப் பெண்களிடம் வேரூன்றியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தர்ஜினி சிவலிங்கம் அந்த விளையாட்டின் வழியாகத்தான் ஆசியா முழுவதும் அறியப்பட்டார்.

திரையில் விழுந்த முதற் பேர்கள்

எழுபதுகளின் இறுதியில் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட கூடைப்பந்து விளையாட்டில் வீரர்களுக்குப் பேர் இல்லை. முகமும் இல்லை. சில கோடுகளும் ஒரு பந்தும்தான். 1983இல் எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ஜூலியஸ் ஏர்விங், லறி பேர்ட் ஆகிய இருவரை மட்டும் நேருக்குநேர் மோதவிடும் விளையாட்டொன்றை வெளியிட்டது. உயிரோடு ஆடிக்கொண்டிருந்த வீரர்களின் பேரையும் சாயலையும் உரிமம் பெற்றுத் திரையில் கொண்டுவந்த முன்னோடி முயற்சிகளுள் அது ஒன்று. அன்றுமுதல் இரசிகர்கள் கேட்கத் தொடங்கிய கேள்வி ஒன்றுதான். இம்முறை யார் யாருடைய பேர் இருக்கும்?

அந்தக் கேள்விக்குத் தொண்ணூறுகளில் கிடைத்த பதில் விசித்திரமானது. உலகின் மிகப் பெரிய கூடைப்பந்து வீரரான மைக்கல் ஜோர்டானின் பேர் பெரும்பாலான விளையாட்டுகளில் இல்லை. வீரர்கள் சங்கம் எல்லா வீரர்களுக்கும் சேர்த்துச் செய்துகொள்ளும் உரிம ஒப்பந்தத்திலிருந்து அவர் விலகியிருந்தார். தன் பேரின் விலையைத் தானே பேசிக்கொள்வது அவரது முடிவு. ஆகவே 1993இல் வெளிவந்து அமெரிக்கப் பையன்களின் சில்லறைக் காசையெல்லாம் விழுங்கிய 'என்.பி.ஏ. ஜாம்' விளையாட்டில் சிக்காகோ அணி உண்டு, ஜோர்டான் இல்லை. அடுத்து வந்த 'என்.பி.ஏ. லைவ்' தொடரிலும், 1999இல் வெளிவந்த 2000ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவரை வைத்து ஆட முடிந்தது. அதற்குள் அவர் இரண்டாம் முறையும் ஓய்வு பெற்றிருந்தார்.

அதே 1999இல் சேகா நிறுவனத்தின் ட்றீம்காஸ்ட் சாதனத்துக்காக 'என்.பி.ஏ. 2கே' என்ற போட்டித் தொடர் பிறந்தது. பத்தாண்டு காலம் இரு தொடர்களும் மல்லுக்கட்டின. 2010ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆந் திகதி இரண்டின் புதிய பதிப்புகளும் ஒரே நாளில் வெளிவருவதாக இருந்தது. எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் தன் தொடரின் பேரையே 'என்.பி.ஏ. எலீட்' என்று மாற்றி, எல்லாவற்றையும் புதிதாகச் செய்திருப்பதாக விளம்பரப்படுத்தியது. எதிர்பார்ப்பு உச்சத்தில் இருந்தபோது மாதிரிப் பதிப்பு வெளியானது. அதில் லொஸ் ஏஞ்சலிஸ் அணியின் அன்ட்றூ பைனம் என்ற வீரர், கைகளை இருபுறமும் விரித்தபடி, சிலுவையில் அறைந்தாற்போல மைதானத்தின் நடுவில் அசையாது நின்றார். சுற்றிலும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அந்தக் காட்சி உலகெங்கும் பரவியது. வெளியீடு பிற்போடப்பட்டது. நவம்பரில் அடியோடு கைவிடப்பட்டது. தப்பி வெளியே போன சில பிரதிகளை இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் பொன்போலப் பாதுகாக்கிறார்கள்.

குறித்த நாளில் வெளிவந்த மற்றைய விளையாட்டான 'என்.பி.ஏ. 2கே11'இன் அட்டையில் இருந்தவர் மைக்கல் ஜோர்டான். அவரது வாழ்வின் புகழ்பெற்ற பத்து ஆட்டங்களை மீண்டும் ஆடிப்பார்க்கும் வசதியும் அதில் இருந்தது. இருபதாண்டு காலம் இரசிகர்கள் எதிர்பார்த்தது இதைத்தான். அந்த ஆண்டோடு போட்டியின் திசை திரும்பியது. கூடைப்பந்து விளையாட்டு என்றால் 2கே என்றாகிவிட்டது.

பெண்களின் பேர்கள் இன்னும் தாமதமாகவே விழுந்தன. அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்துச் சங்கத்தின் முதற் பருவம் 1997இல் நடந்தது. அதன் அணிகள் முழுமையாக ஒரு விளையாட்டில் இடம்பெற்றது 2017இல், எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸின் 'என்.பி.ஏ. லைவ் 18'இல். 2கே தொடரில் அது 2019இல் நிகழ்ந்தது. இருபது ஆண்டுகள் ஆடியும் பேர் விழவில்லை என்பது கொழுந்தெடுக்கும் எங்கள் பெண்களுக்குப் புரியாத செய்தியல்ல.

முரளியின் பேர்

அதே 2010ஆம் ஆண்டு யூலை 22ஆந் திகதி, காலி மைதானத்தில், முத்தையா முரளிதரன் தனது எண்ணூறாவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தினார். அவருடைய தாத்தா 1920இல் தென்னிந்தியாவிலிருந்து மலையகத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். 1996 மார்ச் 17ஆந் திகதி லாகூரில் இலங்கை உலகக்கிண்ணத்தை வென்றபோது எங்கள் லயத்தில் ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டிதான் இருந்தது. அதற்கு முன்னால் நாற்பது பேராவது இருந்திருப்போம். அரவிந்த டி சில்வாவின் சதத்துக்கு எல்லாரும் கைதட்டினோம். ஆனால் முரளி பந்துவீச வந்தபோது வர்ணனையாளர் அவர் பேரைச் சொன்னாரே, அப்போது ஒரு கிழவி மட்டும், "நம்ம பேரைச் சொல்றான்யா" என்றாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

முரளியின் பேருக்கும் ஒரு கதை உண்டு. அவர் பேரை உலகம் பல விதமாக எழுதியது. 2007இல் அவுஸ்திரேலியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான டெஸ்ட் தொடருக்கு வோர்ண், முரளி இருவரின் பேரிலும் கிண்ணம் ஒன்றை அறிவித்தபோது, அதில் எந்த எழுத்தைப் பொறிப்பது என்று அவரிடமே கேட்க வேண்டியிருந்தது. ஐநூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்திய பிறகுதான் ஒரு மனிதனிடம் அவன் பேரை எப்படி எழுதுவது என்று கேட்டார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பையன்கள் ஆடிய கணினி விளையாட்டு, 2006இல் வெளிவந்த எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸின் 'கிரிக்கெட் 07'. அவுஸ்திரேலிய, இங்கிலாந்து அணிகளுக்கு அதில் முறையான உரிமம் இருந்தது. உரிமம் இல்லாத அணிகளின் வீரர்கள் எழுத்துத் திரிந்த பேர்களோடு ஆடினார்கள். இலங்கை அணியும் அப்படித்தான். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இலங்கையிலும் இரசிகர்கள் தாங்களே பேர்களைத் திருத்தி, புதிய வீரர்களைச் சேர்த்து, இலவசமாகப் பகிர்ந்துகொண்டார்கள். ஹற்றனில் ஒரு கணினிக் கடையில், ஒரு பையன் பொறுமையாக ஒவ்வொரு பேராகத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்நிறுவனம் அதன்பின் கிரிக்கெட் விளையாட்டு எதையும் அவ்வாறு வெளியிடவில்லை. ஆனாலும் அந்தப் பழைய விளையாட்டை இரசிகர்கள் பேர் திருத்தித் திருத்தியே பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தார்கள்.

பேர் இல்லாத ஓர் ஆட்டக்காரன்

இந்த வரலாற்றில் என்னை மிகவும் தொட்டது எட் ஓபேனன் என்பவரின் வழக்கு. 1995இல் கலிபோர்னியாவின் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பட்டத்தை வென்றபோது அவர் அதன் நாயகன். பல ஆண்டுகள் கழித்து, நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தார். நண்பரின் மகன் ஒரு கல்லூரிக் கூடைப்பந்து விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். திரையில் இருந்தவன் தானே என்று ஓபேனன் கண்டார். அதே உயரம், அதே மொட்டைத் தலை, அதே இடக்கை, அதே 31ஆம் இலக்கச் சட்டை. பேர் மட்டும் இல்லை. பேர் இல்லாதபடியால் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை என்பதே அன்றைய ஏற்பாடு. கல்லூரி வீரர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்லர், ஆகவே தம் பேராலும் சாயலாலும் வருமானம் பெறக்கூடாது என்பது விதி.

2009இல் ஓபேனன் வழக்குத் தொடுத்தார். அந்த ஆண்டு இறுதியில் வெளிவந்த பதிப்போடு எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸின் கல்லூரிக் கூடைப்பந்துத் தொடர் நின்றுபோனது. 2014இல் நீதிபதி குளோடியா வில்கன் வீரர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். விளையாட்டை வெளியிட்ட நிறுவனம் இழப்பீட்டுக்கு உடன்பட்டது. 2021 யூலையில், கல்லூரி வீரர்கள் தம் பேரையும் சாயலையும் கொண்டு வருமானம் பெறலாம் என்று விதி மாறியது. 2024 யூலையில் கல்லூரி அமெரிக்கக் காற்பந்து விளையாட்டு மீண்டும் வெளிவந்தபோது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பேர்கள் அதில் இருந்தன. சம்மதித்த ஒவ்வொருவருக்கும் 600 டொலரும் விளையாட்டின் ஒரு பிரதியும் கொடுக்கப்பட்டன. 2025இல், கல்லூரிக் கூடைப்பந்து விளையாட்டும் மீண்டும் வரும் என்று அறிகுறி காட்டப்பட்டதும் அமெரிக்க இரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள். பதினைந்து ஆண்டுக்கும் மேலான காத்திருப்பு அது.

600 டொலர் அதிகமா குறைவா என்பது வேறு விவாதம். பேர் விழுந்தால் கூலி விழ வேண்டும் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. அதை ஒப்புக்கொள்ளச் செய்ய ஒரு மனிதர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. எங்கள் தோட்டத்துச் செக்ரோலில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எழுதப்பட்டுவந்த விதியும் அதுதானே?

பதிவேட்டின் மறுபக்கம்

ஆனால் செக்ரோலில் விழுந்த பேர், நாட்டின் பதிவேட்டில் விழவில்லை. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகத் தெரிவானவர் சி.வி. வேலுப்பிள்ளை. தோட்டத்தில் பிறந்து தோட்டத்தைப் பற்றி எழுதியவர். அவரோடு இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. வாக்காளர் இடாப்பிலிருந்து எங்கள் பேர்கள் வெட்டப்பட்டன. குடியுரிமை கோரி எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ ஒரு இலட்சத்து முப்பத்து நான்காயிரம் பேருக்கே கிடைத்தது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்தே கால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சமிருந்த ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதிபாதியாகப் பங்கிட்டார்கள். அரைப்பேர் போடும் வழக்கம் தோட்டத்தோடு நின்றுவிடவில்லை.

என் தந்தையின் பேர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருந்தது. செக்ரோலில் ஒன்று, திருமணப் பதிவில் ஒன்று, குடியுரிமை விண்ணப்பத்தில் ஒன்று. எழுதியவர்கள் தங்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். மூன்றும் ஒரே ஆள்தான் என்று மெய்ப்பிக்க அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. எந்தக் காரியாலயம் என்று சொல்ல நான் விரும்பவில்லை. அங்கிருந்தவரும் தம் வேலையைத்தான் செய்தார். "உன் பேர் என்னவென்று உனக்கே தெரியாதா?" என்று அவர் கேட்டபோது அப்பா தலைகுனிந்து நின்றதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. நாடற்றவர்களுக்கான 1988ஆம் ஆண்டின் விசேட சட்டத்துக்குப் பின்னர்தான் அவர் இந்நாட்டின் பிரசையானார். நான் பல்கலைக்கழகத்துக்குப் போகக் காத்திருந்த காலம் அது. எஞ்சியிருந்தோருக்காக 2003இல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது.

எத்தனை பேருக்கு ஒரு விளையாட்டு?

பழைய கதை போகட்டும். அண்மைக்காலக் கணக்கைப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் 'என்.பி.ஏ. 2கே25' வெளிவந்தது. புதிய சாதனங்களுக்கான சாதாரணப் பதிப்பின் விலை அப்போது ஏறத்தாழ 70 டொலர். அன்றைய நாணயமாற்றில் இருபத்தோராயிரம் ரூபா அளவில் வந்தது. அதே மாதத்தில்தான் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1350 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. ஆக, அன்றைய கணக்கில் பதினைந்து முழுப்பேருக்கும் மேல் விழுந்தால்தான் ஒரு விளையாட்டு வாங்க முடிந்திருக்கும். அதை ஆடும் சாதனத்தின் விலை தனி.

அதோடும் முடிவதில்லை. 2012இல் வெளிவந்த பதிப்பிலிருந்து இத்தொடரில் விளையாட்டுக்குள்ளேயே செலவிடும் ஒரு நாணயம் உண்டு. ஆடியும் சேர்க்கலாம், மெய்யான காசு கொடுத்தும் வாங்கலாம். ஆடிச் சேர்ப்பவன் மெதுவாக வளர்வான், காசு கொடுத்தவன் விரைந்து வளர்வான். உலகெங்கும் இரசிகர்கள் ஒவ்வோர் ஆண்டும் முன்வைக்கும் முதல் குறை இதுதான். இரண்டாவது குறை, ஏறத்தாழ ஈராண்டில் பழைய பதிப்பின் இணையச் சேவை நிறுத்தப்படுவது. அந்தப் பகுதிகளில் அரும்பாடுபட்டு வளர்த்த வீரன் அத்தோடு போய்விடுவான். புதிய பதிப்பில் மறுபடி முதலிலிருந்து பேர் எழுத வேண்டும். ஆனாலும் செப்டெம்பர் வந்தால் எல்லாரும் காத்திருக்கிறார்கள். காத்திருப்பவனின் முறைப்பாடும் நம்பிக்கையும் ஒரே மூச்சில்தான் வருகின்றன. இதைக் கூட்டு ஒப்பந்தக் காலத்தில் நாங்களும் பார்த்திருக்கிறோம்.

எங்கள் பையன்கள் ஐவரும் சேர்ந்து ஒரு பிரதிக்குக் காசு சேர்க்கிறார்கள். கடைக்காரர் பாதி போடுவதாகச் சொல்லியிருக்கிறாராம். தங்கச்சிக்கு இது தெரியும். "படிப்பக் கெடுத்துக்குவான்" என்று என்னிடம் முறையிட்டாள். பிறகு, "மாதக் கடைசியில பேர் நெறைய விழுந்தா நானும் கொஞ்சம் குடுக்கிறேன்னு சொல்லியிருக்கேன்" என்றும் அவளே சொன்னாள்.

கொழும்புக்குப் பேருந்து ஏறுமுன் மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். மருமகன் தன் வீரனைக் காட்டினான். முதற்பேர், கடைசிப்பேர் என்று இரண்டு கட்டங்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பேர்? முதற்கட்டத்தில் தன் பேரையும், கடைசிக் கட்டத்தில் தன் தகப்பன் பேரையும் எழுதியிருந்தான். தகப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவர். வர்ணனைக் குரல் எப்போதும் கடைசிப் பேரைத்தான் சொல்லும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டியலில் அந்தப் பேர் சேர்க்கப்பட்டால், இருபதாயிரம் பேர் கூடிய அரங்கில் ஒலிக்கப்போவது இவன் பேரல்ல. இவனுடைய அப்பாவின் பேர்.

"அதுதான் வேணும் மாமா" என்றான் அவன், நான் கேட்காமலே.

இப்படியொரு பட்டியலைத் தயாரிக்கிறவர்கள் எங்கள் ஊர்ப் பேரை அறிந்திருக்க நியாயமில்லை. ஆயினும், தமிழ்ப் பேர்களைச் சரியாக உச்சரிக்கக்கூடிய பிள்ளைகள் இன்றைக்கு ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் கலிபோர்னியாவிலும் கணினித் துறையில் இருக்கிறார்கள். அவர்களில் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், ஒலிப்பதிவு அறைக்குள் போகும் வாய்ப்பு எப்போதாவது கிடைத்தால், நாலைந்து பேர்களைச் சொல்லிவிட்டு வாருங்கள். முத்தையா, பெருமாள், மாரிமுத்து, ராமசாமி போதும். எங்கள் செக்ரோல்களில் பாதி அவற்றுக்குள் அடங்கிவிடும்.